தள்ளிவிட ஒரு பள்ளம் இருந்தால்

முகம் தெரியாத இருவர் ஒரு பாலைவனத்தைக் கடந்து மலையுச்சிக்குப் போக வேண்டும். 2012இல் பிளேஸ்டேஷன் 3இல் வெளிவந்த ‘ஜர்னி’ விளையாட்டில் வேறு வேலை கிடையாது. சுடுவதற்குத் துப்பாக்கி இல்லை, ஜெயிப்பதற்கு எதிரணியும் இல்லை. ஷாங்காயில் பிறந்து அமெரிக்காவில் விளையாட்டுகளை வடிவமைக்கும் ஜெனோவா சென், அந்நியர்களுக்குள் ஒட்டுதல் பிறக்கட்டும் என்றுதான் இதில் இறங்கினார். ஆனால் சோதனை ஆட்டங்களில் ஆட்களுக்குப் பிடித்துப்போனது, கூட வந்தவரைப் பள்ளத்தில் தள்ளிவிடுவது.

அவர் ஓர் உளவியலாளரிடம் போய்க் கேட்டார். கிடைத்த விளக்கம் இது: புதிய உலகத்துக்குள் நுழைபவர் கைக்குழந்தை மாதிரி, எதைச் செய்தால் பெரிய எதிர்வினை கிடைக்கிறதோ அதையே திரும்பத் திரும்பச் செய்வார். தள்ளினால் ஓர் உருவம் உருண்டு விழுகிறது. அதைவிட வேடிக்கை அங்கே வேறு இல்லை. யாருக்கும் உபதேசம் செய்யாமல், ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் இடித்துத் தள்ள முடியாதபடி மாற்றிவிட்டார்கள். பதிலாக, நெருங்கித் தொட்டால் கழுத்துத் துண்டு ஒளிர்ந்து பறக்கும் சக்தி ஏறும். பேச வழியில்லை, பொத்தானை அழுத்தினால் ஓர் இசையொலி எழும், அவ்வளவுதான். கூட வந்தவரின் பெயரே எல்லாம் முடிந்த பிறகுதான் திரையில் வரும்.

இதை முதலில் கேள்விப்பட்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. கையைக் கட்டிப்போட்டுவிட்டு ‘எவ்வளவு சாது!’ என்று மெச்சினால் அது என்ன நற்குணம்?

எரிச்சல் தணிந்தது தாதுப் பாறைகளால். 2004இல் வந்த ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ இணைய விளையாட்டில், தொடக்க ஆண்டுகளில், முதலில் வெட்டியவருக்கே பாறை சொந்தமாக இருந்தது. காவலுக்கு நிற்கும் அரக்கனோடு நீங்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பீர்கள். பின்னால் வந்தவர் அள்ளிக்கொண்டு போய்விடுவார். அப்புறம் வசவுதான். 2012இன் ‘கில்டு வார்ஸ் 2’இலும் பாறை உண்டு, ஆனால் நான் வெட்டியதால் உங்களுக்குக் குறையாது, நீங்களும் வெட்டிக்கொள்ளலாம். அரக்கனை அடித்ததில் பங்குள்ள எல்லோருக்கும் பரிசு. விழுந்து கிடக்கும் அந்நியரை எழுப்பிவிட்டால் எழுப்பியவருக்கு அனுபவப் புள்ளி. இங்கே யார் கையையும் கட்டவில்லை. தூரத்தில் ஒருவர் ஓடி வருவது தெரிந்தால் அந்த ஆட்டத்தில் வயிறு எரியும், இந்த ஆட்டத்தில் ‘அப்பாடா’ என்றிருக்கும். ஓடி வருபவர் ஒரே ஆளாகவே இருக்கலாம்.

குழாயடிச் சண்டை என்று நாம் கேலி பேசுவதும் நினைவுக்கு வந்தது. ஏதோ அந்தப் பெண்களின் வாய்தான் காரணம் என்பதுபோல! எப்போது நிற்குமென்று தெரியாத தண்ணீர், தெருவுக்கே ஒரு குழாய், வரிசையில் அத்தனை குடங்கள். அங்கே என்னை நிறுத்தினாலும் என் வாய் அப்படித்தான் இருக்கும். குழாயை அப்படி வைத்தவர் பெயர் எந்தக் கேலியிலும் வருவதில்லை.

ஆனாலும் எல்லாவற்றையும் ஏற்பாட்டின் தலையில் கட்டிவிட முடியாது என்று எனக்குக் காட்டியது, 2014இல் வந்த ‘ஹார்த்ஸ்டோன்’ சீட்டாட்டம். முன்பின் தெரியாத எதிராளியிடம் சொந்தமாக ஒரு சொல்கூட எழுத முடியாது. வணக்கம், நன்றி, நன்றாக ஆடினீர்கள், மன்னிக்கவும் என்று முன்கூட்டியே எழுதிவைத்த ஆறு வாசகங்கள்தான். கெட்ட வார்த்தைக்கு வழியே கிடையாது. மனிதர்கள் விடுவார்களா? நான் தப்பான சீட்டை இறக்கிய நொடியில் ‘நன்றி’ வரும். என் கதை முடியும் முன்பே ‘நன்றாக ஆடினீர்கள்’ வந்துவிடும். மன்னிப்பும் பெரும்பாலும் நக்கலாகவே வந்ததால், 2016இல் அதை எடுத்துவிட்டு ‘வாவ்’ என்று ஒன்றை வைத்தார்கள். என்னைக் கேட்டால் அது முன்னதைவிட மோசம். அதிர்ஷ்டத்தில் ஒரு சீட்டு எனக்குச் சாதகமாக விழுந்தால் போதும், எதிரே ‘வாவ்’.

எதிராளியின் வாயை அடைக்கவும் ஒரு பொத்தான் கொடுத்திருக்கிறார்கள். ஆட்டம் தொடங்கியதும் நான் முதலில் அதைத்தான் அழுத்துகிறேன். மனமார வணக்கம் சொல்ல வந்தவரும் அதில் அடிபட்டுப் போகிறார். தெரிந்தேதான் அழுத்துகிறேன்.