பாதுகையும் வாக்குச் சீட்டும்

நாடாளும் தலைமைக்கு எத்தகைய குணம் வேண்டும் என்று வைணவப் பெரியோரை வினவினால், அவர்கள் ஸ்ரீபரதாழ்வானைக் காட்டுவர். இராமபிரானின் பாதுகைகளை அரியணையில் எழுந்தருளப் பண்ணி, நந்திக்கிராமத்தில் தவக்கோலத்தில் பதினான்கு ஆண்டுகள் அரசு நடத்திய பெருமான் அவர். ஆயினும் அவர் மக்களிடம் வாக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை. தேர்தல் காலத்தில் அப்பற்றின்மை வெற்றி தருமா?

இதற்கு விடை தேட, இருக்கன்குடிக்கு வரும் அன்பர்கள் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அர்ச்சுனா நதி வைப்பாற்றோடு கலக்கும் இவ்வூருக்கு அண்மையிலுள்ள சாத்தூர்த் தொகுதியிலிருந்தே 1957, 1962 தேர்தல்களில் காமராசர் சட்டமன்றம் சென்றார். 1903-இல் விருதுநகரில் பிறந்த அவர், பள்ளிப் படிப்பை இளமையிலேயே விட்டவர். மேடையில் சொல்லலங்காரம் நாடாதவர்.

விடுதலைப் போராட்டக் காலத்தில் அவர் சிறையிலிருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1941-இல் வெளிவந்ததும் நகராட்சிக்குச் சென்றார். அப்பதவியைத் துறந்துவிட்டுத் திரும்பினார். முழுமையாக ஆற்றவியலாத பொறுப்பின் பெயரை மட்டும் சுமப்பது முறையன்று என்பது அவர் கருத்து. 1954-இல் முதலமைச்சரானபோது, தலைமைக்குத் தம்மை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையும் அவருக்குத் துணைநின்ற பக்தவத்சலத்தையும் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். இது பெருந்தன்மை, கட்சி பிளவுறாமல் காக்கும் சாதுரியமும்கூட. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எளிதன்று, பிரிக்க வேண்டியதுமில்லை.

1963 அக்டோபர் 2-ஆம் நாள் கட்சிப் பணிக்காக முதலமைச்சர் பதவியைவிட்டு விலகினார். வேறு சிலரை நீக்கவே அத்திட்டம் வகுக்கப்பட்டது என்று குறை கூறியோரும் உண்டு. ஆனால் 1964-லும் 1966-லும் பிரதமரைத் தேர்ந்தெடுப்பதில் பெரும்பங்கு கொண்ட அவர், அவ்வரியணையைத் தமக்கென நாடவில்லை.

இத்தகையவர் 1967-இல் பிறந்த மண்ணாகிய விருதுநகரிலேயே, பெ. சீனிவாசன் என்னும் இளைஞரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். குணம் மாறியதா? இல்லை, எளிமையும் அதுவே, நேர்மையும் அதுவே. அரிசித் தட்டுப்பாடும் 1965-இன் மொழிப் போராட்டமும் மக்கள் மனத்தை மாற்றியிருந்தன. தலைவரின் தூய்மை மக்களின் நம்பிக்கையைப் பெற்றுத் தரும். பசித்தவனின் குறையைக் கேளாதிருக்க அது உரிமை தராது. கட்சியின் பிழைக்கு அதன் பெருந்தலைவரே விலை கொடுத்தார். அதுவும் நியாயமே. 1969-இல் நாகர்கோவில் மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர்.

எனில் அவர் வென்றவரா, தோற்றவரா? வாக்கெண்ணிக்கை ஒன்றே அளவுகோலானால் விடை தேர்தலுக்குத் தேர்தல் மாறும். அவர் காலத்தில், 1956-இல், பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவுப் பந்தி விரிக்கப்பட்டது. அவர் கட்சியை வீழ்த்தி ஆட்சிக்கு வந்தோரும் அப்பந்தியைக் கலைக்கவில்லை. அவர் மறைந்து ஏழாண்டுகளுக்குப் பின், 1982-இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது.