பேரிங் போன கணக்கு

எங்கள் வீட்டில் ஆயுதபூசைக்கு எந்த இயந்திரத்துக்கும் சந்தனம் குங்குமம் வைப்பதில்லை. புது வண்டி எடுத்தால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவதும் இல்லை. நானும் என் இணையரும் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர்கள். மூடநம்பிக்கை என்பது பக்கத்து வீட்டுச் சங்கதி என்று இருபது ஆண்டுகளாக நிம்மதியாக இருந்தேன். போன வருடம் வாஷிங் மெஷின் கெட்டுப்போனது.

ஒன்பது வருடம் உழைத்த மெஷின். முன்பக்கம் கதவு வைத்தது. துணி பிழியும் கட்டத்துக்கு வந்தால் மொட்டை மாடியில் ஹெலிகாப்டர் இறங்குவதுபோல் சத்தம். அடியில் துரு கலந்த கசிவு. கம்பெனி சர்வீஸிலிருந்து வந்த தம்பி டிரம்மைக் கையால் ஒரு சுற்று சுற்றினார், மேலும் கீழும் ஆட்டினார். "பேரிங் போச்சு சார். இந்த மாடல்ல பேரிங்க மட்டும் மாத்த முடியாது. டப்போட சேத்துதான் வரும், பதினோராயிரம் ஆகும். பழைய மெஷினுக்கு எதுக்கு சார் இவ்ளோ செலவு? புதுசு எடுத்துருங்க." வந்து போனதற்கு 450 ரூபாய் பில் கொடுத்தார்.

சோதிடர் ஒருவர் "தோஷம் இருக்கு, பரிகாரம் பண்ணணும்" என்று சொல்லட்டும், என்ன தோஷம், எப்படித் தெரிந்தது, பண்ணாவிட்டால் என்ன ஆகும் என்று அவரை வியர்க்க வைத்துவிடுவேன். இந்தத் தம்பியிடம் எதுவும் கேட்கத் தோன்றவில்லை. பேரிங்கை ஏன் தனியாக மாற்ற முடியாது? டப்பைப் பிரிக்கவே முடியாதா, பிரிக்க உங்களுக்கு அனுமதி இல்லையா? புது டப் போட்டால் எத்தனை வருடம் ஓடும்? ஸ்க்ரூடிரைவருக்கு முன்னால் என் பகுத்தறிவு கைகட்டி நின்றது. நான் கேட்ட ஒரே கேள்வி, "பத்து நிமிஷ வேலைக்கு நானூத்தி ஐம்பதா?" என்பதுதான்.

அவர் போனதும் வீட்டில் ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். 2022இல் உலகம் கழித்துப்போட்ட மின்னணுக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சிக்குப் போனதாகப் பதிவாகியிருப்பது நூற்றுக்கு 22 பங்கு மட்டும். மீதியில் எவ்வளவோ காயிலாங்கடையில் சுத்தியலடி வாங்குகிறது. செம்புக்காக ஒயரைக் கொளுத்துகிறவர் அந்தப் புகையைச் சுவாசிக்கிறார். இதெல்லாம் உண்மை. ஆகவே புது மெஷின் கிடையாது, டப்பை ஆர்டர் செய்வோம் என்று முடித்தேன். என் இணையர் ஒன்றும் சொல்லவில்லை. அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

டப் வரவில்லை. "ஸ்டாக் இல்ல சார், வந்ததும் கூப்பிடுறோம்."

எங்கள் வீட்டில் ஐந்து பேர். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். படுக்கையோடு இருக்கும் என் அம்மா. அம்மாவின் விரிப்புகள் மட்டும் ஒரு நாளைக்கு இரண்டோ மூன்றோ சேரும். நனைந்த போர்வையைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அதன் எடை தெரியும். நான் தூக்கிப் பார்த்ததில்லை. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்களின் சொத்துரிமைக்காகத் தீர்மானம் போட்டதை மேடைதோறும் சொல்கிறவன் நான். அந்த நாட்களிலும் ஒரு கூட்டத்தில் போய்ச் சொன்னேன். சொல்லிவிட்டுத் திரும்பிய இரவில் என் இணையர் மாடியில் விரிப்பை முறுக்கிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாம் நாள் கேட்டார்: "உங்க கொள்கைக்கு என் இடுப்புதான் முட்டுக்கொடுக்கணுமா?"

அன்று இரவுதான் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தேன்.

ரிப்பேர் செலவு புது விலையில் பாதியைத் தாண்டினால் தூக்கிப் போடு, தாண்டாவிட்டால் சரிசெய் என்று ஊரெல்லாம் ஒரு விதி சொல்கிறார்கள். கேட்கச் சுலபமாக இருக்கிறது, அதனால் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. புது மெஷின் 32,000 ரூபாய், பத்து வருடம் ஓடும் என்று வையுங்கள். வருடத்துக்கு 3,200. பழையதற்கு 11,000 ரூபாய்க்கு டப் போட்டு அது ஐந்து வருடம் ஓடினால் வருடத்துக்கு 2,200, லாபம். இரண்டே வருடத்தில் வேறொன்று கெட்டு நின்றால் 5,500, நஷ்டம். பாதி விதியோ இரண்டுக்கும் "சரிசெய்" என்றுதான் சொல்லும். கேட்க வேண்டியது எத்தனை வருடம் என்பதை. விதி அதைக் கேட்பதே இல்லை.

இன்னொரு பொறி, "முந்தின வருஷம்தான் நாலாயிரம் போட்டோம், இப்ப எப்படி விடுறது?" என்பது. மூன்று பரிகாரம் பலிக்காதவர் நாலாவதற்குப் பணம் கட்டுவதும் இதே தர்க்கத்தில்தான். போன காசு போனது. ஆனால் அது எதற்காகப் போனது என்பது சாட்சி. ஒரு தடவை போர்டு மாற்றி, ஆறு மாதத்தில் அதே போர்டு மறுபடி எரிந்தால், கோளாறு போர்டில் இல்லாமல் வீட்டு மின்சாரத்தில் இருக்கலாம். அப்படியானால் புது மெஷின் வாங்கினாலும் எரியும்.

இவ்வளவும் எழுதிய பிறகு, காகிதத்தில் ஒரு வரி குறைவதைப் பார்த்தேன். என் இணையர் தினம் ஒன்றரை மணி நேரம் துவைக்கிறார் என்று உத்தேசமாகப் போட்டேன். மணிக்கு 100 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் பன்னிரண்டு நாளைக்கு 1,800 ரூபாய். டப் எப்போது வரும் என்றே தெரியவில்லை. வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருந்தால் இந்தத் தொகை முதல் வரியில் இருந்திருக்கும். அவருக்கு நான் போட்டிருந்த விலை பூஜ்யம்.

உங்கள் வீட்டில் "கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்போம்" என்று முதலில் சொல்வது யார்? பொறுப்பது யார்? என் செல்போன் திரை உடைந்தபோது அன்று மாலைக்குள் மாற்றிக்கொண்டேன். அப்போது பூமியைப் பற்றியோ குப்பையைப் பற்றியோ நான் யாருக்கும் சொற்பொழிவு ஆற்றவில்லை.

மெக்கானிக்கைக் கண்டுபிடித்தது என் இணையர்தான். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணனிடம் கேட்டு எண் வாங்கினார். வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். மெஷினைத் திறந்து டப்பைக் கழற்றிப் பால்கனியில் வைத்தார். பிளாஸ்டிக் டப்பின் இரண்டு பாதிகளையும் தொழிற்சாலையிலேயே வெல்டிங் செய்து ஒட்டியிருந்தார்கள். அந்த ஒட்டுக்கோட்டின் மேலேயே ஹாக்ஸா பிளேடை வைத்து அறுக்கத் தொடங்கினார். எனக்கு வயிறு கலங்கியது. சுற்றி அறுத்து, பிரித்து, துருப்பிடித்த பேரிங்குகளைத் தட்டி எடுத்தார். சீல் தேய்ந்து, தண்ணீர் உள்ளே போய், குண்டுகள் அரித்துப்போயிருந்தன. புதியவை 6205, 6206 என்று எண் போட்ட சாதாரண பேரிங்குகள். "இது எல்லாக் கடையிலயும் கெடைக்கும் சார், தண்ணி மோட்டாருக்கும் போடுவாங்க." பிறகு விளிம்பில் வரிசையாகத் துளை போட்டு, சிலிகான் பூசி, போல்ட் போட்டு முடுக்கினார். பேரிங்கும் சீலும் 1,400. கூலி 3,000.

பதினோராயிரம் கேட்ட இடத்தில் 4,400இல் வேலை முடிந்திருக்கிறது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கூலி கொஞ்சம் கூடுதலாத் தெரியுதே." அவர் பதில் சொல்லாமல் கையைத் துடைத்துக்கொண்டார். என் இணையர் முழுத்தொகையும் எண்ணிக் கொடுத்தார்.

ஷோரூமில் 32,000 ரூபாய் அட்டையைப் பார்த்து யாரும் இப்படிச் சொல்வதில்லை. பொருளின் விலையை மதிக்கிறோம், கையின் விலையில் பேரம் பேசுகிறோம். இது கஞ்சத்தனம் மட்டும் என்றால் இரண்டிலும் அல்லவா பேசியிருப்போம்? ஊரார் அழுக்கை வெளுத்தவருக்குக் கூலி என்று எண்ணிக் கொடுக்காமல், களத்தில் கொஞ்சம் நெல்லும் வாசலில் மிச்சச் சோறும் கொடுத்த நாடு இது. இயந்திரம் வந்ததும் துவைக்கும் வேலை மெஷினுக்குப் போயிற்று. கைவேலை செய்கிறவரைப் பார்க்கும் அந்தப் பழைய கண் மட்டும் நம்மிடமே தங்கிவிட்டது. புதுசு சுத்தம், ரிப்பேர் பார்த்தது ஒரு படி கீழே என்ற நினைப்பைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள், அடியில் தீட்டு தெரியும்.

டப்பை ஏன் ஒட்டுகிறார்கள்? சதி என்று சொல்லிவிட்டால் அதுவும் ஒரு பேய்க்கதை ஆகிவிடும். ஒட்டினால் கசியாது, தொழிற்சாலையில் வேலை சீக்கிரம் முடியும். சதியே நடந்ததில்லை என்றும் சொல்ல முடியாது. 1924இல் ஜெனீவாவில் பெரிய பல்பு உற்பத்தியாளர்கள் கூடி, பல்பின் ஆயுளை 1,000 மணி நேரத்தோடு நிறுத்த ஒப்பந்தம் போட்டார்கள், மீறிய கம்பெனிகளுக்கு அபராதமும் விதித்தார்கள். வாஷிங் மெஷின் விஷயத்தில் ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது: மாடல் சந்தையை விட்டுப் போய் 10 ஆண்டுகள் வரை உதிரிபாகம் கிடைக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் டிரம்மையும் பேரிங்கையும் ஒரே கட்டாக விற்கலாம் என்று அதற்குள்ளேயே ஒரு சந்தும் இருக்கிறது. இங்கே 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் திறந்தது. இணையதளத்தை வைத்து டப்பை அறுக்க முடியாது.

எதையும் தூக்கிப் போடாதே என்பதும் ஒரு மதம்தான், அதில் சேரச் சொல்லவில்லை. பாடி துருப்பிடித்து, தொட்டால் ஷாக் அடிக்கிற மெஷினைத் தத்துவம் பேசிக் காப்பாற்ற வேண்டாம். புதுசு வாங்கும்போது கடைக்காரரிடம், டப் ஒட்டியதா போல்ட் போட்டதா என்று கேளுங்கள். அவர் விழிப்பார். பரவாயில்லை, கேளுங்கள்.

பத்தொன்பதாம் நாள் மெஷின் ஓடியது. அன்றைக்கே என் இணையர் ஒரு விதி போட்டார்: அடுத்த தடவை கெட்டால், முடிவு எடுக்கும்வரை துவைப்பது நான்.

போன வாரம் டிரம் 'டக் டக்' என்று இடித்தது. பத்து நிமிடத்தில் மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். "ஷாக் அப்சார்பரா இருக்கும் சார், நாளைக்குச் சாயந்தரம் வர்றேன்" என்றார். அம்மாவின் விரிப்பு இரண்டு, பிள்ளைகளின் சீருடை, என் சட்டைகள். வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். கணக்கில் ஒன்றரை மணி நேரம் என்று போட்டிருந்தேன் அல்லவா? எனக்கு இரண்டே கால் மணி நேரம் ஆனது.