தராசும் தானமும்



வணிகம் செய்து பிழைப்பவன் தன் சமூகத்திற்குக் கடமைப்பட்டவன் என்று யாவரும் சொல்லக் கேட்கிறோம். அக்கடமை யாதென்று வினவினால், வைசாகப் பௌர்ணமிக்கு அன்னதானம் செய்தல், ஏழைப் பிள்ளைகளுக்கு ஏடும் எழுதுகோலும் வாங்கித் தருதல், விகாரைக்கு விளக்கு வாங்கிக் கொடுத்தல் என்று விடை வருகின்றது. இவை நற்செயல்களே. ஆயினும் இவற்றிற்கு முன்னரே நிறைவேற்றப்பட வேண்டிய கடமை வேறொன்று உண்டா என்பதே இக்கட்டுரையின் வினா.

இவ்வினா பெருஞ்செல்வரைப் பற்றியது என்று எவரும் ஒதுக்கிவிடல் வேண்டா. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் நம் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் நம்மவருட் பலர் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். வேறு சிலர் லைன் வீட்டின் முன்னறையிலேயே மளிகைக் கடையோ, டீக்கடையோ, தையற்கடையோ வைத்திருக்கின்றனர். தலைமுறை தலைமுறையாகக் கூலி வாங்கியவர் வழிவந்தோர் இன்று கூலி கொடுப்போராகவும், நிறை நிறுத்தித் தருவோராகவும் ஆயினர். பிறர் கைத் தராசைக் குறை கூறியது போதும். இனி நம் கைத் தராசை நாமே ஆராய்தல் வேண்டும்.

2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், நிகர மதிப்பு 500 கோடி ரூபாயோ, விற்றுவரவு 1,000 கோடி ரூபாயோ, நிகர இலாபம் 5 கோடி ரூபாயோ எட்டிய கம்பெனிகள், முந்திய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கேனும் சமூக நலப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என விதித்துள்ளது. நம் தெருமுனைக் கடைக்கு இவ்விதி பொருந்தாது. அன்றியும், இவ்விதி ஈட்டிய இலாபத்தை என்ன செய்தாய் என்று கேட்கின்றதேயொழிய, அவ்விலாபம் உன் கைக்கு எவ்வழி வந்தது என்று கேட்கவில்லை. தம்மமோ இரண்டாவது வினாவையே முதலிற் கேட்கின்றது. எண்வழிப் பாதையில் நல்வாழ்க்கைத் தொழில் ஓர் அங்கமாக வைக்கப்பட்டிருப்பது இதனாலேயாம். தானத்தைப் பெரிதும் போற்றிய பகவன் புத்தர், தொழிலின் தூய்மைக்குத் தானம் ஈடாகும் என்று யாண்டும் அருளினாரில்லை.

ஈட்டும் வழியும் கொடுக்கும் வழியும் வேறு வேறு என்பதை அறிய நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்குத் தொழில் தொடங்கிய காலமுதல், ஏறத்தாழ 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் பொன் இம்மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. 1902இல் சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் பெங்களூர் நகருக்கு வருமுன்னரே இச்சுரங்கங்களுக்கு வந்தது. பேர்பெற்ற மருத்துவமனையும் இங்கு எழுந்தது. அம்மருத்துவமனையின் கட்டிலில் இருமிக் கிடந்தவர்தம் நுரையீரலிலோ, பாறையைத் துளைத்தபோது புகுந்த கல்தூசி படிந்திருந்தது. மருந்து கொடுத்தது உண்மை. நோய் அத்தொழிலினின்று வந்ததும் உண்மை. பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய மண், கோடிக்கணக்கான டன் அளவில், சயனைடு மேடுகளாக இன்றும் நம் கண்முன் நிற்கின்றது. காற்றடிக்கும் காலத்தில் அம்மேட்டுத் தூசி வீட்டுச் சோற்றுப் பானைவரை வருகின்றது. பெரிய தொழிலில் இவ்வளவு பெரிதாகத் தெரியும் இவ்வேறுபாடு, சிறிய கடையிலும் சிறிய அளவில் இருந்தே தீரும்.

இனி, சேரிவாணிச ஜாதகத்தை நோக்குவோம். பொன்னூரில் வாழும் நமக்கு அக்கதை மிகவும் பொருந்தும். இரு வணிகர் தேலவாக ஆற்றைக் கடந்து ஒரு நகரிற் புகுந்து, தெருக்களைப் பங்கிட்டுக்கொண்டு மணியும் வளையலும் கூவி விற்றனர். அந்நகரில், முன்பு செழித்துப் பின்பு நொடிந்த குடியொன்றில், ஒரு பாட்டியும் பேத்தியும் மட்டும் எஞ்சியிருந்தனர். பேத்தி ஓர் அணி வேண்டுமென்று அழ, வீட்டில் அழுக்கேறிக் கிடந்த பழைய கிண்ணத்தைப் பாட்டி முதல் வணிகனிடம் நீட்டினாள். அவன் ஊசியாற் கீறிப் பார்த்துப் பொன்னென்று அறிந்தான். அறிந்தும், இது செல்லாக்காசும் பெறாது என்று எறிந்துவிட்டு, பின்னர் வந்து மலிவாய்ப் பெறலாமென எண்ணிச் சென்றான். அடுத்து வந்த வணிகரான போதிசத்துவர், “அம்மா, இஃது இலட்சம் பொற்காசு பெறும், என்னிடமுள்ள சரக்கனைத்தும் இதற்கு ஈடாகா” என்றார். உண்மையுரைத்த அவருக்கே அதனைத் தருவதாகப் பாட்டி சொல்ல, அவர் தம்மிடமிருந்த ஐந்நூறு காசையும், ஐந்நூறு காசு பெறும் சரக்கையும் கொடுத்து, ஓடக்கூலிக்கென எட்டுக் காசும், தராசும், பையும் மட்டும் வைத்துக்கொண்டு புறப்பட்டார்.

இக்கதையில் ஒரு நுட்பம் உண்டு. போதிசத்துவரும் இலாபம் பெற்றார். பெருத்த இலாபமே பெற்றார். எனவே இலாபம் குற்றமன்று. அவர் உண்மையை முன்னர்ச் சொல்லி, விலையைப் பின்னர்ப் பேசினார். மற்றவனோ உண்மையை மறைத்து விலை பேசினான். வாங்குவோரும் விற்போரும் ஒரே உண்மையை அறிந்து நிற்கும்போது விளையும் இலாபம் தூயது. ஒருவர் அறியாமையை மற்றவர் அறுவடை செய்யும்போது விளைவது களவு. இரண்டாம் சீலம் தடுப்பது சுவரேறிக் குதிக்கும் களவை மாத்திரமன்று என்க.

விற்கும் முறையைப் போலவே விற்கும் பொருளும் ஆராயத்தக்கது. படைக்கலம், உயிர்கள், ஊன், மயக்கும் பொருள், நஞ்சு ஆகிய ஐந்தையும் உபாசகர் வணிகம் செய்யலாகாது என்பது பகவன் அருளியது. நம் பெட்டிக்கடைகளில் தொங்கும் புகையிலைப் பொட்டலம் இவற்றுள் எதனுட் படும் என்பதை அவரவர் பகுத்தறிவுக்கே விடுகிறேன். பதினெட்டு வயது நிரம்பாதவர்க்கு விற்றலையும், கல்விக்கூடத்திற்கு நூறு கெஜத்துக்குள் விற்றலையும் 2003ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்துள்ளது. “யான் விற்காவிடில் பக்கத்துக் கடைக்காரன் விற்பான்” என்று சிலர் கூறுவர். இவ்வாதத்தை ஒப்புக்கொண்டால் உலகிற் செய்யத்தகாத செயல் ஒன்றுமேயில்லை என்றாகிவிடும். பக்கத்துக் கடைக்காரன் செய்யும் வினை அவனுடையது. நம் கையாற் செய்தது நம்முடையது.

இவ்விடத்தே ஒரு வலிய மறுப்பு எழும். “ஐயா, நீர் பிரசங்கம் செய்துவிட்டுப் போவீர். எதிர்க்கடைக்காரன் துவரம்பருப்பைக் கிலோ 120 ரூபாய் என்று எழுதி வைத்து, 950 கிராமே நிறுக்கின்றான். யான் நேர்மையாக நிறுத்து 125 ரூபாய் என்றால் எவர் என் கடைக்கு வருவர்?” இம்மறுப்பைப் புறக்கணித்தல் நியாயமாகாது; வயிற்றுப்பாடு விளையாட்டன்று. ஆனால் கணக்கைப் பாருங்கள். 950 கிராமுக்கு 120 ரூபாய் என்றால் முழுக் கிலோவுக்கு 126 ரூபாய்க்கு மேலாகின்றது. உண்மையில் மலிவாய் விற்பவர் நீரே! இஃது எவருக்கும் தெரியாமலிருப்பதே உம்முடைய இடர். ஆகவே, நேர்மை உள்ளத்தில் மாத்திரம் இருந்தாற் போதாது. வாங்குவோர் கண்ணுக்கும் புலப்படல் வேண்டும். தராசின் எண் வாடிக்கையாளரை நோக்கி இருக்கட்டும். ஐயமுற்றோர் மறுபடி நிறுத்துப் பார்க்க முத்திரையிட்ட படிக்கல் ஒன்று மேசைமேல் இருக்கட்டும்.

யான் ஆலையில் நூல் சுற்றிய காலத்தில், வாயிலருகே இரு மளிகைக் கடைகள் இருந்தன. இரண்டிலும் தொழிலாளர்க்குக் கடன் உண்டு. ஒன்றிற் கணக்குநோட்டு கடைக்காரரிடம் மாத்திரமே இருந்தது. சம்பள நாளில் அவர் சொன்னதே தொகை. எழுத்தறியாத எங்கள் சகோதரிகள் வாங்காத எண்ணெய்க்கும் பணம் கட்டினர். மற்றக் கடைக்காரரோ ஒவ்வொருவர்க்கும் ஒரு சிறு நோட்டுக் கொடுத்திருந்தார். பொருள் வாங்குந்தோறும் அதிலும் தம் நோட்டிலும் ஒருங்கே எழுதி, வாயாலும் படித்துச் சொல்வார். ஆலை கதவடைத்த மாதங்களில் அவர் அரிசி தந்ததை நிறுத்தவில்லை. கதவு திறந்தபின் பெரும்பாலோர் கடனைத் தீர்த்தனர். சிலர் ஊரைவிட்டே போயினர். அவ்விழப்பை அவரே தாங்கினார். அவர் மாடி வீடு கட்டவில்லை. ஆயினும் அவர் கடை நிலைத்தது. அவர் செய்தது தானமன்று. இரண்டாவது நோட்டு ஒன்று வைத்திருந்தார், அவ்வளவே. அந்நோட்டின் விலை அன்று மிகச் சொற்பம்.

வேலையாளிடத்தும் இங்ஙனமே. சிகாலோவாத சூத்திரத்தில் முதலாளியின் கடமைகள் ஐந்து கூறப்பட்டுள்ளன: வலிமைக்கேற்ற வேலை தருதல், உணவும் ஊதியமும் அளித்தல், நோயுற்றபோது பேணுதல், சுவையுள்ள பண்டம் கிடைத்தாற் பகிர்தல், உரிய காலத்தில் ஓய்வு தருதல். ஆயிரம் பேரை வைத்து வேலை வாங்குவோர்க்கு மாத்திரம் இவை சொல்லப்பட்டனவல்ல. இரு பெண்களை வைத்துத் தையற்கடை நடத்துவோர்க்கும் உரியன. வேலையாள் களவின்றிக் கொடுத்ததைக் கொண்டு, வேலையைச் செவ்வனே செய்து, முதலாளியின் நற்பெயரைக் காத்தல் வேண்டுமென்றும் அச்சூத்திரமே கூறுகின்றது. கடமை இருவழிப் பாதையாம். அதுபோல, வாங்குவோர்க்கும் கடமையுண்டு. நேர்மையான கடையிற் கடன் வைத்துவிட்டு, ரொக்கம் கையில் உள்ள நாளில் எதிர்க்கடைக்குப் போவது உபாசகர்க்கு அடுக்குமோ?

சிறு தொழில் பொதுநலத்தோடு இயையும் என்பதற்கு நம் முன்னோரே சான்று. பண்டித அயோத்திதாசர் 1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் இராயப்பேட்டையிலிருந்து ஒரு வாரப் பத்திரிகையைத் தொடங்கியபோது, அதன் விலையையே அதற்குப் பெயராக்கி ‘ஒரு பைசாத் தமிழன்’ என்றழைத்தார். வாங்குவோன் மடியில் எவ்வளவு உண்டென்று பார்த்து விலை வைக்கப்பட்ட பத்திரிகை அது. அவர் 1914இல் மறைந்தபின், 1920களில் அப்பத்திரிகை நம் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது. சித்தார்த்த புத்தகசாலையார் இங்கிருந்தே அவருடைய நூல்களை அச்சிட்டுப் பரப்பினர். காகிதமும் மையும் விலை கொடுத்தே வாங்கப்பட்டிருக்கும். ஆனால் இலாபம் மாத்திரமே குறிக்கோளாயிருந்தால், சுரங்கத் தொழிலாளியை வாசகனாகக் கருதி எவர் அச்சுக் கோப்பர்?

நம் நாளிலும் இத்தகையோர் உளர். கோயமுத்தூரைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம், பள்ளிப்படிப்பை இடையில் விட்டுப் பட்டறைத் தொழிலாளியாயிருந்தவர். பெண்கள் மாதவிலக்கின்போது பயன்படுத்தும் நாப்கினைக் குறைந்த செலவிற் செய்யும் இயந்திரத்தை அவர் அமைத்தார். அதனைப் பெருங்கம்பெனிகளுக்கு விற்றுச் செல்வராதல் அவருக்கு அரிதன்று. அவரோ கிராமப் பெண்களின் சுயவுதவிக் குழுக்களுக்கு அதனை விற்று, அப்பெண்களே செய்து விற்றுப் பிழைக்க வழி செய்தார். 2016இல் அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. இவரும் இயந்திரத்தை விற்கவே செய்கின்றார். எவருக்கு விற்பது என்னும் தெரிவில் அவருடைய அறம் விளங்குகின்றது.

அங்ஙனமாயின் தானத்திற்கு இடமில்லையோ எனின், உண்டு. வருவாயை நான்காகப் பகுத்து, ஒரு பங்கைத் துய்த்து, இரு பங்கைத் தொழிலிலிட்டு, ஒரு பங்கை இடர்க்காலத்திற்கு வைக்குமாறு பகவன் சிகாலனுக்கு அறிவுறுத்தினார். துய்க்கும் பங்கினின்று பிறர்க்கும் ஈவது சிறப்பே. ஆனால் 50 கிராம் குறைத்து நூறு வீடுகளினின்று எடுத்ததை, ஆண்டுக்கொருமுறை அன்னமாக அந்நூறு வீடுகளுக்கே இட்டு, வாழ்த்தும் பெற்றுக்கொள்வது தானமாகாது. எடுத்ததிற் சிறு பகுதியைத் திருப்பித் தந்ததேயாம்.

ஆதலால் சிறுகடை நடத்தும் அன்பர்காள்! நும்மிடம் கோடிகள் இல்லை என்று வருந்தல் வேண்டா. பெருங்கம்பெனியார் தம் வாடிக்கையாளர் முகத்தைக் காண்பதில்லை. நீவிரோ நாள்தோறும் காண்கின்றீர். ஏமாற்றுவதும் நுமக்கே எளிது. நேர்மையாயிருப்பதும் நுமக்கே எளிது. தராசின் எண்ணை வாங்குவோர் பக்கம் திருப்பி வையுங்கள்; கடன் நோட்டு இரண்டாக இருக்கட்டும்; வேலையாளின் கூலி சொன்ன நாளிற் சேரட்டும்; பிள்ளைகளுக்குத் தரத் தகாததைக் கடையில் தொங்கவிடாதீர்கள். இவற்றின்பின் கையில் எஞ்சுவது சிறிதேயாயினும், அதனின்று ஒரு கைப்பிடி அரிசி ஈந்தால் அதுவே தூய தானம்.

எல்லா உயிரும் நலமுறுக.