காவலும் சிரசும்

நீதிமொழிகள் நான்காம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் மகனிடம் பேசுகிறான். காக்க வேண்டியவை எத்தனையோ இருக்கலாம், எல்லாவற்றுக்கும் முன்னால் உன் இதயத்தைக் காத்துக்கொள், வாழ்க்கை புறப்படுவது அங்கிருந்துதான் என்பது அவன் சொல்வதன் சாரம். கிறிஸ்தவ வீடுகளில் காலண்டரில் தொங்கித் தொங்கி இந்த வசனம் மழுங்கிப் போயிருக்கிறது. கெட்ட சகவாசமும் கெட்ட சினிமாவும் உள்ளே வராமல் கதவைச் சாத்து என்ற அளவுக்கு அர்த்தம் சுருங்கிவிட்டது. ஆனால் வசனத்தின் அக்கறை உள்ளே வருவதில் இல்லை, புறப்படுவதில் இருக்கிறது. அடுத்த வரிகளில் வாயும் உதடும் கண்ணும் காலும் வரிசையாக வருவது இதனால்தான்.

தமிழ் பைபிள் இந்த இடத்தில் ஊற்று என்ற படிமத்தைக் கொண்டுவருகிறது. பாலாற்றுப் பகுதிக்காரர்களுக்கு அது வெறும் படிமம் அல்ல. தோல் ஷாப்புகள் வெளியே விட்ட நீரால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதை உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில் குறிப்பிட்டிருக்கிறது. தொழுகையிலும் ஜெபத்திலும் பூஜையிலும் குறைவைக்காத ஊர்கள்தான் இவை.

எபிரெயத்தில் காவலைக் குறிக்க அந்த வசனத்தில் வரும் சொல் 'மிஷ்மார்'. ஆதியாகமத்தில் எகிப்தில் யோசேப்பு அடைபட்டிருந்த இடத்துக்கும் அதே சொல். நம்முடைய 'காவலில் வைப்பது' போலத்தான். காப்பதற்கும் அடைப்பதற்கும் நடுவே உள்ள கோட்டைச் சொல் நமக்குப் போட்டுத் தருவதில்லை. யார் காவல்காரன் என்பதைப் பொறுத்தே அது தீர்மானமாகிறது.

குடியாத்தத்தில் இதை யோசிக்க வேறொரு தகப்பனும் மகனும் இருக்கிறார்கள். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து சிரசு புறப்பட்டு, வழிநெடுகத் தேங்காய்கள் சிதற, கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலுக்கு வந்து சண்டாளச்சியின் உடல்மேல் பொருத்தப்படுகிறது. கதை ரேணுகையுடையது. பச்சை மண்ணில் தினமும் குடம் பிடித்து நீர் கொண்டுவருகிறவள், ஒரு நாள் நீரில் கந்தர்வனின் நிழலைப் பார்த்துவிட்டாள். மனம் ஒரு கணம் சலித்தது. குடம் சேரவில்லை. ஜமதக்னி மகனைக் கூப்பிட்டுத் தாயின் தலையை வெட்டச் சொன்னார்.

இந்தக் கதையில் என்னை உறுத்துவது கோடரியைவிட அந்தக் குடம். இன்னொருவர் இதயத்தை வெளியிலிருந்து அளந்துவிடக் கிடைத்த கருவி அது. இதயத்தை ஆராய கடவுளைத் தவிர யாராலும் ஆகாது என்று எரேமியா நினைத்தார். ஜமதக்னிக்கு அந்தச் சந்தேகம் இல்லை, தினமும் வாசலுக்கு வந்து சேரும் அத்தாட்சி இருந்தது. மகாபாரதம் சொல்கிறபடி மூத்த நான்கு பிள்ளைகள் தகப்பன் சொன்னதைச் செய்யவில்லை, அதற்காக விலங்குகளைப் போல அறிவிழக்கச் சபிக்கப்பட்டார்கள். நீதிமொழிகளின் தகப்பன் சொன்னதைக் கேட்டவர்கள் என்றால் இந்த நான்கு பேரைத்தான் சொல்ல வேண்டும். அவர்களுக்கு எந்த ஊரிலும் திருவிழா இருப்பதாகத் தெரியவில்லை. பரசுராமன் காத்தது தன் கீழ்ப்படிதலை. அம்மா பிழைத்தெழ வேண்டும் என்பதோடு, வெட்டப்பட்டது அவளுக்கு நினைவில் இருக்கக்கூடாது என்றும் அவன் வரம் கேட்கிறான். வெட்டிய கைக்கு அந்த மறதி எவ்வளவு தேவையாக இருந்திருக்கிறது!

இயேசு மட்டும் என்ன, இச்சையோடு பார்த்தாலே விபசாரம் என்று சொல்லி ஜமதக்னியையும் மிஞ்சிவிட்டாரே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அவர் பிடுங்கச் சொல்வது பார்க்கிறவனுடைய சொந்தக் கண்ணை. அடுத்தவர் கழுத்துக்கு அவரிடம் கோடரி இல்லை. குறளும் (57) சிறைக்காப்பைத் தள்ளிவிட்டு நிறைக்காப்பைப் பெரிதாக வைக்கிறது, என்றாலும் அதைப் பெண்களுக்கென்று வைத்துவிட்டது. நீதிமொழிகளின் தகப்பன் மகனைப் பார்த்துச் சொன்னான் என்பதை நாம் சுலபமாக மறந்துவிடுகிறோம்.

மறந்ததன் விளைவைப் பார்க்க புராணத்துக்குப் போக வேண்டாம். ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிகளுக்குச் சுற்றுக் கிராமங்களிலிருந்து பெண்கள் தினமும் பஸ்ஸில் போய் வருகிறார்கள். அவள் கம்பெனி பஸ்ஸில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாள், போனில் யாருடைய நம்பர் இருக்கிறது, சம்பளக் கவர் ஏன் இந்த மாதம் மெலிந்திருக்கிறது என்று கேட்க வீட்டில் அண்ணனும் மாமாவும் இருப்பார்கள். இதற்குப் பெயர் அக்கறை, சில வீடுகளில் பக்தி. கேட்கிறவர்களின் இதயத்துக்கு அந்த நேரத்தில் காவலே இருப்பதில்லை. அதிலிருந்து என்னென்னவோ புறப்படுகிறது, சில சமயம் அரிவாளும்.

ரேணுகையோடு சேர்ந்து வெட்டுப்பட்ட அந்தச் சண்டாளப் பெண்ணைப் பற்றி ஒன்று. அவள் மனம் சலித்ததா இல்லையா என்று கதை விசாரிப்பதே இல்லை. அவளை அளக்க யாரும் குடம் வைத்திருக்கவில்லை. ஜாதி போதுமானதாக இருந்திருக்கிறது. அவசரத்தில் தலை மாறிப் பொருந்தியதால்தான் அவள் உடல் வழிபாட்டுக்குள் வந்தது. வைகாசி முதல் நாள் ஊர் முழுவதும் கும்பிடும் முகம் ரேணுகையுடையது, அதைத் தாங்கி நிற்பது இவள். அன்றிரவே சிரசை மறுபடி எடுத்துவிடுகிறார்கள்.