எதிரி வரும் முன்பே தொடங்கிய வேலை

உன் நெஞ்செலும்பின் மேல்பாகத்தில் உள்ளங்கையை வைத்துப் பார் தம்பி. அந்த எலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே, இரண்டு மடலாக ஒரு சுரப்பி இருக்கிறது. பெயர் தைமஸ். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இரண்டு மூன்று வரியில் கடந்து போயிருப்பாய். "எனக்கு என்ன தகுதி இருக்கிறது, என்னை யார் மதிக்கிறார்கள்" என்று புலம்பும் ஒவ்வொருவருக்கும் அந்தச் சுரப்பி உருவான கதையை நான் சொல்லியே தீர வேண்டும். வேறு எங்கோ, யாருக்கோ நடந்ததல்ல அது. உனக்குள் நடந்தது.

அம்மா வயிற்றில் நீ ஐந்து வாரக் கரு. நீளம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. தொண்டையாகப் போகிற பகுதியில் இருபுறமும் சின்னச் சின்னப் பைகள் வரிசையாகப் புடைக்கின்றன. அவற்றில் மேலிருந்து மூன்றாவது பையின் வயிற்றுப்பக்கச் சுவரிலிருந்து கிளம்புகிறது தைமஸ். அதே பையின் முதுகுப்பக்கச் சுவரில் கிளம்புவது பாராதைராய்டு. ரத்தத்தில் கால்சியத்தைக் கட்டிக்காக்கப் போவது அதுதான். இரண்டும் ஒரே பையில் பிறந்தவை, ஒன்றாகவே புறப்படுகின்றன. பாராதைராய்டு தைராய்டின் கீழ்முனைக்கு அருகில் நின்றுவிடுகிறது, ஏனென்றால் அதன் இடம் அது. தைமஸ் நிற்பதில்லை. வலப்பக்கத்திலிருந்து ஒன்று, இடப்பக்கத்திலிருந்து ஒன்று என்று கழுத்து வழியே இறங்கி, எட்டாவது வாரத்தை ஒட்டி நெஞ்சுக்குள் வந்து சேர்ந்துகொள்கின்றன. பிறந்த இடம் தொண்டை, வாழப்போகிற இடம் நெஞ்சு. கூடப் பிறந்தவன் பாதி வழியில் நின்றுவிட்டானே என்று அது தயங்கவில்லை!

இன்னொன்றையும் கவனி. அது தனியாக வளரவில்லை. நரம்பு மண்டலம் உருவாகும் குழாயின் விளிம்பிலிருந்து புறப்பட்டு வந்த செல்கள் அதற்கு உறையாக அமைகின்றன. ஃபாக்ஸ்என்1 என்ற மரபணு வேலை செய்தால்தான் அந்தத் திசு முழுத் தைமஸாக முதிரும். எலும்பு மஜ்ஜை அப்போது இன்னும் தயாராகவில்லை, அதனால் கருவின் கல்லீரலிலிருந்து ரத்த மூலச் செல்கள் வந்து குடியேறுகின்றன. தன்னம்பிக்கை என்றால் யார் கையையும் பிடிக்காமல் நிற்பது என்று மேடைக்கு மேடை பேசுகிறார்களே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உதவியை வாங்கிக்கொள்வதும் நெஞ்சுரம்தான்.

இத்தனையும் எப்போது நடக்கிறது? பொதுவாகக் கிருமி எட்டிப் பார்க்காத கர்ப்பப்பைக்குள். எதிரி இல்லை, போர் இல்லை, பார்த்துக் கைதட்ட ஆளில்லை. ஆனாலும் நான்காவது மாதத்திலேயே தைமஸில் தேறிய டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு வெள்ளை அணுக்கள் கருவின் ரத்தத்தில் இறங்கத் தொடங்கிவிடுகின்றன. நீயோ, "நோட்டிபிகேஷன் வரட்டும், படிக்கிறேன்" என்கிறாய். "ஆர்டர் கிடைக்கட்டும், தொழில் கற்றுக்கொள்கிறேன்" என்கிறாய். வந்த பிறகு தொடங்குகிறவனுக்கு எங்கே நேரம் இருக்கும்?

அந்த டி செல்கள் சும்மா தேறி வருவதில்லை. தைமஸுக்குள் வந்த ஒவ்வொரு செல்லும் எதிரியை அடையாளம் காணும் தன் ஏற்பியை மரபணுத் துண்டுகளைக் குலுக்கிப்போட்டுத்தான் செய்துகொள்கிறது. பிறகு இரண்டு பரீட்சை. உடம்பின் சொந்த அடையாளப் புரதத்தைப் பற்றவே தெரியாத செல் முதலிலேயே செத்துப்போகிறது. அடுத்தது கடினமானது. தைமஸின் உட்பகுதிச் செல்கள் ஏர் என்ற மரபணுவின் துணையோடு, இன்சுலின் போன்று உடம்பின் வேறு உறுப்புகள் செய்யும் புரதங்களையும் தாங்களே செய்து காட்டுகின்றன. அதைக் கண்டதும் பாய்ந்து கவ்வுகிற செல், நாளை சொந்த உடம்பையே தாக்கும். அதனால் அவற்றில் பெரும்பாலானவை அங்கேயே அழிக்கப்படுகின்றன. 100 செல் உள்ளே போனால் வெளியே வருவது 5-க்கும் குறைவு.

தங்கச்சி, இதை இரண்டு முறை படி. உன் உடம்பு நோய்க்கிருமியை எதிர்க்கக் கற்பதற்கு முன்பே, தன்னைத் தானே தாக்கும் செல்லை ஒழிக்கக் கற்றுக்கொண்டது. நீ ராத்திரி படுக்கையில் புரண்டு "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று உன்னையே கடித்துக்கொண்டிருக்கிறாயே, அந்த நினைப்பை ஏன் உயிரோடு விட்டுவைத்திருக்கிறாய்? ஊர் சொன்னதென்றா? ஊரின் தீர்ப்புக்கு என்ன மதிப்பு என்று தைமஸைக் கேள்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திடீரென்று இறந்த குழந்தைகளின் தைமஸ் அளவுக்கு மீறிப் பெரிதாக இருப்பதாக மருத்துவர்கள் முடிவு கட்டினார்கள். அவர்கள் சரியான அளவு என்று வைத்திருந்தது எது தெரியுமா? பிணப்பரிசோதனைக்கு வந்த ஏழைகளின் உடல்களில் கண்ட அளவு. நாள்பட்ட நோயிலும் பட்டினியிலும் தைமஸ் சுருங்கிவிடும். சுருங்கிப்போனதை அளவுகோலாக வைத்துக்கொண்டு, நல்லபடியாக வளர்ந்த தைமஸை நோய் என்றார்கள். ஆரோக்கியமான குழந்தைகளின் கழுத்திலும் நெஞ்சிலும் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சினார்கள். பின்னாளில் அவர்களில் பலருக்குத் தைராய்டு புற்றுநோய் வந்தது. உன்னை அளக்க வருகிறவன் கையில் இருக்கும் அளவுகோல் எங்கே செய்தது என்று கேட்காமல் தலைகுனியாதே!

வளர்ந்த விலங்கின் தைமஸை வெட்டி எடுத்தும் பார்த்தார்கள். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. உடனே பயனற்ற உறுப்பு என்று எழுதிவிட்டார்கள். அது தன் பெரும்பணியை முடித்துவிட்ட பிறகு எடுத்தால் என்ன தெரியும்? 1961-இல் லண்டன் செஸ்டர் பீட்டி ஆய்வு நிலையத்தில் ஷாக் மில்லர் என்ற 30 வயது இளைஞர், பிறந்த கையோடு எலிக்குஞ்சுகளின் தைமஸை எடுத்தார். எலிகள் நோஞ்சானாகித் தொற்று வந்து இறந்தன. வேற்று எலியின் தோலை ஒட்டினாலும் அவற்றின் உடம்பு எதிர்க்கவில்லை. விஷயம் விளங்கிவிட்டது. ஆனால் உலகம் ஒப்புக்கொண்டதா? நோபல் பரிசு பெற்ற பீட்டர் மெடவாரே 1963-இல், தைமஸில் அந்த வெள்ளை அணுக்கள் இருப்பது பரிணாமத்தின் தற்செயல் என்ற கருத்தில் பேசினார். மில்லர் சோதனையைக் கைவிடவில்லை. மருத்துவ ஆராய்ச்சிக்கான லாஸ்கர் விருது அவரைத் தேடி வந்தது 2019-இல்.

ஊர் சரியில்லை, படித்த காலேஜ் சரியில்லை, வீட்டில் வசதியில்லை என்று நீ அடுக்குவதற்கு முன் இதையும் கேள். தைமஸே இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் மிகச் சிலர் உண்டு. சிகிச்சை இல்லாவிட்டால் இரண்டு மூன்று வயதைத் தாண்டுவதே அரிது. குழந்தைகளுக்கு இதய ஆபரேஷன் செய்யும்போது, இதயத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறதென்று தைமஸில் ஒரு பகுதியை வெட்டி எடுப்பார்கள். குப்பைக்குப் போக வேண்டிய சதை அது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் மார்க்கெர்ட் என்ற மருத்துவர் அந்தச் சதையை எடுத்து, ஆய்வகத்தில் இரண்டு மூன்று வாரம் வளர்த்து, தைமஸ் இல்லாத குழந்தையின் தொடைத் தசையில் பதித்தார். நெஞ்சில் அல்ல, தொடையில்! அங்கேயும் அது தன் வேலையைத் தொடங்கியது. ஆறு மாதம், ஓராண்டு, சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். ஆனால் அந்தக் குழந்தையின் சொந்த மூலச் செல்கள் அந்தத் தொடைக்குள் போய் டி செல்களாகத் தேறி வருகின்றன. 2021 அக்டோபரில் அமெரிக்க அரசு அந்தச் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்துவிட்டது.