வேலியற்ற வீடுகளும் காவலுள்ள வாயிலும்

இயற்கையின் மடியில் வாழ்வது மனத்தைத் தூய்மைப்படுத்தும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. அந்த மடியைச் சுற்றி மதில் எழுப்பி, வாயிலில் காவலரை நிறுத்தி வாழ்ந்தாலும் அதே பயன் கிட்டுமா? பெங்களூரு, ஹைதராபாத், புனே முதலிய நகரங்களின் விளிம்பில், ஏரியையும் தோப்பையும் காட்டி விற்கப்படும் குடியிருப்புகள் பெருகிவரும் இக்காலத்தில் இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. விடை தேடுவோர், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள லுவெல்லின் பார்க் என்ற பழைய குடியிருப்பின் வரலாற்றைச் சற்று நோக்கலாம்.

லுவெல்லின் ஹாஸ்கெல் நியூயார்க் நகரில் மருந்துச் சரக்கு வணிகம் செய்தவர்; ஆழ்ந்த சமயப் பற்றாளர். மனிதன் இவ்வுலகிலேயே பூரணத்துவத்தை அடைய முடியும் என்று நம்பியவர். அதற்கேற்ற சூழலை உருவாக்க எண்ணி, 1850களில் ஆரஞ்சு மலைச் சரிவில் நிலம் வாங்கினார். அலெக்சாண்டர் ஜாக்சன் டேவிஸ் என்ற கட்டடக் கலைஞர் துணைநின்றார். மலையின் வளைவுக்கு இசைந்து பாதைகள் வளைந்தன. ஓடை பாயும் 50 ஏக்கர் காடு எவருக்கும் தனிச்சொத்தாகாமல், குடியிருப்போர் அனைவருக்கும் பொதுவாக விடப்பட்டது. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே வேலி கூடாது என்பது விதி. கடைக்கும் தொழிற்சாலைக்கும் இடமில்லை.

அண்டை வீட்டாருக்கிடையே வேலி வேண்டாம் என்ற எண்ணம் உயர்ந்தது. ‘இது என்னுடையது’ என்ற பிடி தளர்ந்தாலன்றி அது தோன்றாது. ஆனால் அதே மனிதர்கள் மலையடிவாரத்தில் ஒரு வாயிலையும் காவல் வீட்டையும் கட்டினார்கள். உள்ளே அழிந்த எல்லை வெளியே எழுந்து நின்றது.

வாயிலுக்கு வெளியே யார் இருந்தார்கள்? ஆரஞ்சு நகரம் அக்காலத்தில் தொப்பித் தொழிலுக்குப் பெயர்பெற்றது. விலங்கு ரோமத்தைப் பதப்படுத்தப் பாதரசம் பயன்பட்டது. காற்றோட்டமற்ற அறைகளில் அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களின் கைகள் நடுங்கின, ஈறுகள் புண்ணாயின. 1860இல் ஃப்ரீமன் என்ற மருத்துவர் இந்நோயைப் பற்றி எழுதினார். எனினும் அமெரிக்கத் தொப்பித் தொழிலில் பாதரசம் விலக்கப்பட்டது 1941இல்தான். இதற்கிடையே 1917 முதல் அதே நகரின் தொழிற்சாலை ஒன்றில் இளம்பெண்கள் கடிகார முகப்புகளுக்கு ரேடியம் கலந்த வண்ணம் தீட்டினர். தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும்படி அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. பலர் தாடை எலும்பு அரித்து மாண்டனர். மலைமேல் வீசிய தூய காற்றுக்கும் கீழே இருந்த அறைகளின் காற்றுக்கும் இடையே நடந்து கடக்கும் தூரமே இருந்தது.

மலைமேல் இருந்தோர் கொடியவர் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அந்தக் கட்டுப்பாடு மட்டும் இல்லாதிருந்தால் அச்சரிவிலும் ஆலைகளே எழுந்திருக்கும். இன்று அங்கே ஒரு காடு மிஞ்சியிராது. இந்த நன்றியை அவர்களுக்கு மறுப்பது நியாயமன்று. ஆயினும் மதில் மரங்களைக் காக்கும். மனத்தையும் காக்கும் என்பதற்கு உறுதியில்லை. அங்கே 1880இல் எழுந்த கிளென்மாண்ட் மாளிகையைக் கட்டியவர், தாம் பணிபுரிந்த நிறுவனத்தின் பணத்தைக் கையாடியவர் என்பது பின்னர் வெளிப்பட்டது. பூரணத்துவம் நாடி அமைந்த வனத்தில், களவுப் பணத்தில் ஒரு மாளிகை! 1886இல் அதை வாங்கிய விஞ்ஞானி எடிசன், 1931இல் மறையும்வரை அங்கே வாழ்ந்தார்.

நம் நாட்டிலும் காட்டை நாடிச் சென்றவர்கள் உண்டு. ஆனால் வானப்பிரஸ்தர் வீட்டையும் செல்வத்தையும் மக்களிடம் ஒப்படைத்துவிட்டே காட்டினுள் நுழைந்தார். யாக்ஞவல்கியர் புறப்படுமுன் செய்ய முனைந்த முதற்காரியம் தம் உடைமைகளை மனைவியர் இருவருக்கும் பங்கிட்டுத் தருவதே. இங்கோ காட்டினுள் நுழையவே பெரும்பொருள் சேர்க்க வேண்டியிருக்கிறது! மேலும், வானப்பிரஸ்தருக்கு ஒரு கடமை எஞ்சியிருந்தது. தம்மை நாடி வருபவருக்கு நீரும் கிழங்கும் கனியுமாவது கொடுத்து உபசரிக்க வேண்டும். உலகைத் துறந்தவருக்கும் விருந்தோம்பலிலிருந்து விலக்கில்லை. ஆகவே மரங்கள் எத்தனை என்பதைவிட, வாயிலில் எதை விட்டுவிட்டு நுழைகிறோம், யார் வந்தால் வாயில் திறக்கிறது என்பவையே ஆராயத்தக்கவை.

இந்த ஆராய்ச்சிக்கு அமெரிக்காவரை செல்லத் தேவையில்லை. நம் நகரக் குடியிருப்புகளின் வாயிலில் காலை ஏழு மணிக்கு நின்று பார்த்தால் போதும். பாத்திரம் துலக்கவும் குழந்தையைப் பேணவும் வரும் பெண்கள் அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே செல்கிறார்கள். திரும்பும்போது சில இடங்களில் அவர்களுடைய பைகள் சோதிக்கப்படுகின்றன. தோட்டக்காரர் நட்ட மரத்தின் நிழலில் போட்டிருக்கும் இருக்கையில் அவரே அமரத் தயங்குகிறார். இரண்டு வீட்டு வேலைகளுக்கு இடையே அப்பெண்கள் உணவுப் பொட்டலத்தைப் பிரிக்க அந்தத் தோப்பில் ஓரிடம் உண்டா, குடிக்க நீர் உண்டா என்பதைக் குடியிருப்போர் சங்கத்தின் அடுத்த கூட்டத்திலேயே பேசி முடிவு செய்யலாம். அதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.