வினையும் மருந்தும்

‘மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, எல்லாம் தலைவிதி’ என்று சொல்லிவிட்டு, தடிப்பு எழுந்த உடம்போடு மறுநாளும் கொழுந்தெடுக்கப் போவது கேமரன் மலைத் தோட்டங்களுக்குப் புதிதல்ல. இதை வெறும் அறியாமை என்று ஒதுக்குவது நியாயமில்லை. அதன் அடியில் ஒரு சமய நம்பிக்கை இருக்கிறது. ஆனால் அந்த நம்பிக்கையை முழுதாக ஏற்றால், மௌனத்துக்கு அதில் இடமே கிடையாது. சைவ சித்தாந்தம் வினையைச் சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம், இப்பிறவியில் நுகரும் பிராரத்தம், நுகரும்போதே புதிதாக ஈட்டும் ஆகாமியம் என மூன்றாகப் பிரிக்கிறது. உடம்பில் எழுந்த தடிப்பு பிராரத்தமாகவே இருக்கட்டும். அதை யாரிடமும் சொல்லாமல் விடுவது இன்று நாமே செய்யும் செயல். அதே மாத்திரையை நாளை விழுங்கப்போகும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தீங்கு வந்தால், அந்தக் கணக்கு நம் ஆகாமியத்தில்தான் ஏறும்.

ஒருவர் சொல்லி என்ன ஆகும் என்று கேட்கலாம். ஒரு மருந்து விற்பனைக்கு வருமுன் பெரும்பாலும் சில ஆயிரம் பேரிடம்தான் சோதிக்கப்படுகிறது. பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரும் தீங்கு அங்கே தலைகாட்டாமலே போய்விடும். வலிப்புக்குத் தரும் கார்பமாஸெபின், ஒருவகை மரபணு உள்ளவர்களுக்குத் தோல் உரிந்து உயிரையே பறிக்கும் எதிர்விளைவைத் தரக்கூடும். ஐரோப்பியரிடம் மிக அரிதான அந்த மரபணு, சீனர், மலாய்க்காரர், இந்தியரிடையே அதைவிட அதிகம். ஐரோப்பியரை மட்டும் சோதித்திருந்தால் இது தெரிந்திருக்காது. நம் உடம்பு கண்டதை நாம்தான் சொல்ல வேண்டும். அதைக் கேட்கவே மலேசியாவில் 1987இல் மருந்து எதிர்விளைவு ஆலோசனைக் குழு அமைந்தது. 1990இல் நாடு உலக சுகாதார நிறுவனத்தின் கண்காணிப்புத் திட்டத்திலும் சேர்ந்தது. நோயாளியே நேரடியாக எழுதித்தரத் தனிப் படிவமும் உண்டு.

மருந்தால்தான் வந்தது என்று எப்படித் தெரியும்? தெரிய வேண்டியதில்லை, சந்தேகமே போதும், ஆராய்வது குழுவின் வேலை. டாக்டர் கோபிப்பாரோ என்ற தயக்கத்துக்கும் இடமில்லை, இது அவர்மீது தரும் புகாரன்று. இதனால் மக்கள் பயந்து மருந்தையே விட்டுவிடுவார்கள் என்பதுதான் கனமான ஆட்சேபம். ஆனால் பயம் வளர்வது லயத்துப் பேச்சில். பிரஷர் மாத்திரையைத் தூக்கிப் போடு என்று ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்லும்போது அதை எடைபோட யாரும் இல்லை. எழுதித்தந்தால் எடைபோட ஆள் உண்டு. பெரும்பாலும் மருந்து நீடிக்கும், எச்சரிக்கை மட்டும் கூடும். எழுத வராதவர் தானா ராத்தா மருத்துவமனை மருந்தகத்தில் வாயால் சொல்லலாம்: என்ன மருந்து, எப்போது தொடங்கியது, எந்த நாளில் தடிப்பு வந்தது, கூடவே என்ன நாட்டு மருந்து குடித்தார் என்பதையும் விடாமல்.